என் கையில் கொடுக்காதீர்கள்

குழந்தை பிறந்த இருபத்திரண்டாம் நாள் என் புருஷனைக் கன்னத்தில் அறைந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்ததுதான் காரணம்.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி நடைபாதை அது. ஒரு பக்கம் சுவரோடு திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிர்ப்பக்கம் குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் வார்டின் இரட்டைக் கதவு. அவர் டயர் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்களில் கறுப்பு போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என் முன்னால் வந்து குனிந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உன் கையில குடுக்கப் போறாங்களாம். நெஞ்சோட சேத்து வெச்சுக்கலாமாம். கடுகு இப்ப நல்லா மூச்சு விடுதாம்."

கடுகு என்பது எங்கள் மகளுக்கு அவர் வைத்த பேர். உண்மையான பேரை இன்னும் யாரும் வைக்கவில்லை. வைக்கப் பயந்தோம்.

அறைந்த சத்தம் நடைபாதையின் கோடி வரை கேட்டது. அவர் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதற்காகவே இன்னொன்று அறைய வேண்டும் போலிருந்தது.

வாசல்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கதவைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை.

"என்னம்மா நீ. நல்ல சேதி சொன்னதுக்கே இந்த அடியா? கெட்ட சேதி சொன்னா ஆளையே கொன்னுடுவ போலிருக்கே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

வாசல்காரருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கொன்னுடுவ என்ற அந்த வார்த்தைதான் இருபது நாளாக என் தலைக்குள் நின்றுகொண்டிருந்தது.

*

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இறால் கம்பெனி. நீளமான தகர மேசை, மேசைமேல் ஐஸ், ஐஸ்மேல் இறால். இரண்டு பக்கமும் நாங்கள். உடலை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கைப் பெருவிரல் நகத்தைத் தலைக்குக் கீழே கொடுத்து ஒரு திருப்பு. தலை தனியாக வந்துவிடும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தலை, நெருக்கடி நாளில் ஆறாயிரம். முதல் மாதம் கண்ணால் பார்த்துச் செய்வோம். பிறகு கண் தேவையில்லை. பக்கத்து மேசைக்காரியோடு வம்பு பேசிக்கொண்டிருப்போம், கை பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்கும். வீட்டில் தூங்கும்போதும் என் பெருவிரல் அசையும் என்று புருஷன் கேலி செய்வார். "போர்வைக்கு ஏதுடி தலை?" என்பார்.

குழந்தை ஆறரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. எண்ணூற்று இருபது கிராம். இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னை உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஈரமான சூடு. நடுவில் அவள்.

தோல் சிவப்பாக, ஊடுருவித் தெரிகிற மாதிரி இருந்தது. முதுகை வளைத்து, கால்களை மடக்கி, தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக. முதுகுத் தோலுக்கு அடியில் நீல நரம்பு ஓடியது. நரம்பைப் பார்த்ததும் என் பெருவிரல் அசைந்தது.

அவ்வளவுதான் நடந்தது. விரல் அசைந்தது. ஆனால் தலைக்குள் முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் வட்டத் துளைக்குள் என் கை போகிறது. இடது கை உடலைப் பிடிக்கிறது. நகம் கழுத்துக்குக் கீழே இறங்குகிறது. ஒரு திருப்பு. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. எனக்குத்தான் அந்தச் சத்தம் நன்றாகத் தெரியுமே.

இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டேன்.

"தொட்டுப் பாரும்மா. கை சுத்தமாத்தானே இருக்கு" என்றார் நர்ஸ். தலைமை நர்ஸ் அவர். ஆண்பிள்ளைக் குரல். அதனால் தாய்மார்கள் எல்லோரும் கட்டைக்குரல் என்றுதான் சொல்வார்கள், அவருக்கும் அது தெரியும்.

"வேண்டாம் சிஸ்டர்."

"பயப்படாத. ஒடஞ்சிட மாட்டா."

அன்றிலிருந்து அந்தப் படம் நிற்கவில்லை. பால் எடுக்கும்போது வரும், சாப்பிடும்போது வரும். பல் விளக்கும்போது கண்ணாடியில் என் கையைப் பார்த்தால் வரும். பிறகு புதிது புதிதாக வர ஆரம்பித்தது. அவளைத் துணி மூட்டைபோல் ஜன்னலுக்கு வெளியே எறிகிறேன். லிப்ட் கதவு மூடும் இடுக்கில் வைக்கிறேன். பாட்டில்களைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தைத் திறக்கிறேன். நான் கூப்பிட்டு எதுவும் வரவில்லை. வராதே என்று சொன்னால் இரண்டு மடங்காக வந்தது.

தாய்மார் தங்கும் அறையில் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி சுவரில் பதித்திருந்தது. பத்தாம் நாள், அறையில் யாரும் இல்லாதபோது, வலது பெருவிரலைக் கதவிடுக்கில் வைத்துப் பெட்டியைச் சாத்தினேன். ஒருமுறை போதவில்லை. மூன்று முறை சாத்தினேன். நகம் கறுத்துவிட்டது. கட்டைக்குரல் கட்டுப்போட்டுவிட்டு, "கதவு சாத்தும்போது கவனம் எங்க இருக்கு?" என்றார். கட்டுக்குள்ளேயும் விரல் அசைந்தது.

மற்ற அம்மாக்கள் துளைக்குள் கைவிட்டு உள்ளங்கையால் பிள்ளையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஓரடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பக்கத்துப் பெட்டிக்காரி ஒருநாள், "என்னடி, கட்டடத்துக்கு மேஸ்திரி மாதிரி நிக்கிற?" என்றாள். சிரித்தேன். சிரிக்கும்போதும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

*

பத்தொன்பதாம் நாள் எல்லா அம்மாக்களுக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகிறீர்களா என்றெல்லாம் இருந்தது. கடைசிக் கேள்வி, உங்களையோ குழந்தையையோ காயப்படுத்திவிடும் எண்ணம் வருகிறதா. ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி.

ஒரு மணி நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் வரும். அடிக்கடி என்பதில் குறி போட்டேன். கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதில், "என் கையில் குழந்தையைக் கொடுக்காதீர்கள். காரணம் கேட்டால் சொல்கிறேன்" என்று எழுதினேன். நாலாக மடித்தேன். உடம்பில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கினேன்.

எழுதி முடித்தபோது எனக்குப் பால் எடுக்கும் நேரம். அதனால் காகிதத்தை அண்ணியிடம் கொடுத்து மேசையில் சேர்க்கச் சொன்னேன். அண்ணி என் புருஷனின் அக்கா. எனக்காகத் தன் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு அறையில் கூடவே இருந்தார்.

மூன்று நாள் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள்தான் என் புருஷன் சிரித்துக்கொண்டே வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

நான் என்ன நினைத்திருப்பேன்? படித்துவிட்டார்கள், படித்துவிட்டும் கொடுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளையைக் காப்பாற்ற அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன்.

வாயைக் கழுவிக்கொண்டு கட்டைக்குரலைத் தேடிப் போனேன். மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தக் காகிதம்... நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. பத்துக்கும் ஒருபோதும் இல்லைன்னு போட்டிருந்த. இந்த வார்டுலயே நீ ஒருத்திதான் அப்படி. எனக்கே பொறாமையா இருந்துச்சு."

*

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணி, என் காகிதம் எங்க?"

மடிப்பதை நிறுத்தவில்லை. "குடுத்துட்டேன்."

"நான் எழுதினது எங்க?"

"கிழிச்சுக் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். புதுசா ஒண்ணு வாங்கி நானே போட்டுக் குடுத்தேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "என்னடி எழுதி வெச்சிருக்க நீ? அதை அவங்க படிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? பைத்தியம்னு ஒரு வார்த்தை எழுதுவாங்க. அந்த வார்த்தை போட்டுட்டா அப்புறம் எவன் உனக்குப் பிள்ளையக் குடுப்பான்? எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. பிள்ளை ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்."

"குடுக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

"தூக்கம் கெட்டு உளர்ற. பெத்தவளுக்கு அப்படியெல்லாம் தோணாது."

அவர் முடியைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது. கொண்டையோடு சேர்த்துப் பிடித்து இரும்புப் பெட்டியில் மோதினேன். டங்கென்று ஒரு சத்தம். அண்ணி லேசான ஆள் இல்லை. திரும்பி என் வயிற்றில் முழங்கையால் குத்தினார். பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்துத் தையல் போட்ட இடம். எனக்குக் கண் இருட்டியது. முடியை விடவில்லை. இரண்டு பேரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தோம். மடித்த துணியெல்லாம் மேலே விழுந்தது. அவர் என் தோளைக் கடித்தார். நான் அவர் வாயிலேயே அடித்தேன். ஆச்சரியம், இருவரும் சத்தமே போடவில்லை. பக்கத்து அறையில் பால் எடுக்கும் இயந்திரம் கர் கர் என்று ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். அண்ணியின் வாயிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

"நெசமாவா?" என்றார்.

நான் மேலே கிடந்த துணியை எடுத்துக் கீழே போட்டேன்.

"நெசமாவே தோணுதாடி?"

"தோணலை. தெரியுது. நடக்கிற மாதிரித் தெரியுது."

அண்ணி மெதுவாக எழுந்து, கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். என்னைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு வேறு யாரிடமும் வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாமல் போனது.

*

வார்டுக் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று உண்டு. விதிமுறைகள். ஆறாவது விதி எனக்கு மனப்பாடம். ஊழியர்களைத் தாக்குவோருக்கு வார்டுக்குள் அனுமதி கிடையாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒன்பதரைக்குப் போய் வாசல்காரரை அறைந்தேன்.

அவர் ஆறடி ஆள். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இது எதுக்கும்மா?"

"என்னை உள்ள விடாதீங்க. எழுதுங்க. அடிச்சுட்டான்னு எழுதிக் குடுங்க."

"இதையெல்லாமா எழுதுவாங்க. என் பொண்டாட்டி இதைவிட நல்லா அடிப்பா. போய் உக்காரு. இன்னைக்கு உனக்கு நல்ல நாள்."

இன்னொரு முறை அறைந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மெதுவாகக் கீழே இறக்கினார். "பதட்டம்" என்று மற்றவர்களிடம் சொன்னார். கதவுக்கு மேலே கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது. உள்ளே திரை இழுக்கிற சத்தம் கேட்டது. எனக்காக நாற்காலி போடுகிறார்கள்.

வலது கையை முஷ்டியாக மடக்கி விதிமுறைப் பலகையில் குத்தினேன். முதல் குத்தில் விரிசல் விட்டது. இரண்டாவதில் உடைந்தது. மூன்றாவதாகக் குத்தியபோது கண்ணாடி இல்லை, கிழிந்த காகிதமும் மரமும்தான் இருந்தது. ஆனாலும் குத்தினேன். பெருவிரல் எங்கே படவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் குத்தினேன். ரத்தம் முழங்கை வரை ஓடி, அங்கிருந்து தரையில் சொட்டியது. யாரோ ஒரு பெண் அலறினாள். என் புருஷன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவர் முகத்தில் பின்தலையால் இடித்தேன். வாசல்காரரும் வந்து பிடித்த பிறகுதான் என்னை அசைக்க முடிந்தது.

கட்டைக்குரல் வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவளை விடுங்க. என்கூட வருவா."

*

கட்டுப்போடும் அறை குறுகலானது. ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு ஸ்டூல். என் கையை விளக்கின்கீழ் வைத்து, சிறு இடுக்கியால் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"பலகை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

இன்னொரு துண்டு விழுந்தது.

"உன் நாத்தனார் காலையில வந்து என்கிட்டச் சொன்னா. காகிதத்தை மாத்தினதைச் சொன்னா. நீ என்ன எழுதினன்னு மட்டும் சொல்லமாட்டேன்னுட்டா. வாய் வீங்கியிருந்துச்சு. உன்னைத் தேடித்தான் வந்துட்டிருந்தேன். அதுக்குள்ள உனக்கு அவசரம்."

"குழந்தைய என் கையில குடுக்காதீங்க சிஸ்டர்."

"குடுக்கலை. ஏன்னு சொல்லு."

"தலையைக் கிள்ளிடுவேன்."

இடுக்கி நிற்கவில்லை. "எப்படி?"

இடது கையால் காட்டினேன். இறால் என்று சொன்னேன். நாலாயிரம் தலை, நகம், திருப்பு, சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், லிப்ட், கொதிக்கும் பாத்திரம். வாந்தி வருவதுபோல் வார்த்தைகள் வந்தன. அவர் துண்டு எடுத்துக்கொண்டே இருந்தார்.

"யாராவது காதுல செய் செய்னு சொல்றாங்களா?"

"இல்ல."

"செஞ்சா நல்லதுன்னு தோணுதா? அவளுக்கு நிம்மதின்னு?"

"என்ன கேள்வி சிஸ்டர் இது."

"கேக்கணும். சொல்லு."

"இல்ல. படம் வந்தா செத்துடலாம்னு இருக்கு."

இப்போது இடுக்கி நின்றது. "செத்துடலாம்னா? சும்மா சொல்றியா, எப்படின்னு யோசிச்சியா?"

"மாடி ஜன்னலை ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். கம்பி போட்டிருந்துச்சு."

அவர் இடுக்கியை வைத்துவிட்டு, கதவைத் திறந்து, மனநல டாக்டரை உடனே வரச்சொல் என்று யாரிடமோ சொன்னார். என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. கதவிலிருந்தே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாளா அந்தப் பெட்டிகிட்ட எத்தனை தடவை வந்து நின்னிருப்ப?"

"தெரியலை. நூறு."

"அதுக்குப் பூட்டு இருக்கா?"

"இல்ல."

"நூறு தடவையும் உன் கை எங்க இருந்துச்சு?"

"அக்குள்ல."

"அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை டாக்டர் சொல்வாங்க. இந்த வார்டுல இதை வந்து சொன்ன முதல் ஆள் நீ இல்ல. பலகையை உடைச்சுச் சொன்ன முதல் ஆள் வேணா நீதான்."

அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை இல்லை. மாடு கத்துவதுபோல் கத்தினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, கத்தி முடிக்கும்வரை தையல் போடாமல் காத்திருந்தார்.

டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். இரண்டு மணி நேரம் கேட்டாள். இதற்குப் பேர் உண்டு, மாத்திரை உண்டு, நாளாகும் என்றாள். என்னைக் கீழ் மாடியில் ஒரு படுக்கையில் சேர்த்தார்கள். முதல் இரண்டு நாள் ஒரு நர்ஸ் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழிவறைக்கும் கூடவே வந்தாள். மாத்திரை உடனே எதையும் நிறுத்தவில்லை. தூக்கம் மட்டும் வந்தது.

கடுகை முதலில் நெஞ்சில் வைத்துக்கொண்டது என் புருஷன்தான். மூன்று முறை கை கழுவ வைத்தார்களாம். அப்படியும் கட்டைக்குரல் மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் டயர் வாசனை வருது, பிள்ளை உன்னை பஸ்ஸுன்னு நெனச்சுக்கும்" என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டுப் புருஷன் என் கட்டிலில் உட்கார்ந்தார். நான் இடித்ததில் அவர் மூக்கு வீங்கி இருந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தார். "பயந்திருப்பேன்."

பொய் சொல்லாததற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணியும் வந்தார். துவைத்த துணிகளைத் தலைமாட்டில் வைத்தார். "எனக்கு ஒரு பல்லு ஆடுது" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"நீ அடிச்ச பக்கம்தான். வேற எந்தப் பக்கம் ஆடும்?" பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பயந்துட்டேன்டி" என்றார்.

*

முப்பத்தொன்றாம் நாள் டாக்டர் சரி என்றாள். நான் சரி என்று சொல்ல இன்னும் ஒருநாள் ஆனது.

கையில் தையல் பிரிக்கவில்லை. புண்ணுள்ள கையால் குழந்தையைத் தொடக்கூடாது. "கை வேண்டாம், நெஞ்சு போதும்" என்றார் கட்டைக்குரல். சட்டையின் பொத்தான்களைத் திறந்துவிட்டு, என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குழாய்களோடும் ஒயர்களோடும் அவளைத் தூக்கி என் இரண்டு மார்புக்கும் நடுவே வைத்து, துணியால் என்னையும் அவளையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார்கள். ஆயிரத்துப் பத்து கிராம். ஒரு ஈரமான சூடு. கைப்பிடி அளவு தலை என் தாடைக்குக் கீழே.

உடனே வந்தது. கழுத்து, நகம், திருப்பு.

கட்டைக்குரல் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்.

"வருதா?"

"வருது."

"வரட்டும். நீ மூச்சு விடு."

விட்டேன். திரும்பவும் வந்தது. ஜன்னல் வந்தது. கொதிக்கும் பாத்திரம் வந்தது. கட்டுக்குள் பெருவிரல் அசைந்தது. வியர்வை நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணில் எரிந்தது. அவள் ஒருமுறை விக்கினாள். அந்த விக்கல் என் எலும்பில் தட்டியது. என் உடம்பில் ஒரு இடமும் அவளை நெருக்கவில்லை. ஒரு இடமும் அவளைத் தள்ளவில்லை.

"போதும் சிஸ்டர். எடுத்துடுங்க."

"ஒரு மணி நேரம் வெச்சுக்கலாம்மா" என்றார் என் புருஷன், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"எடுத்துடுங்க."

கட்டைக்குரல் ஏன் என்று கேட்கவில்லை. துணியை அவிழ்த்து, அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதினார். பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோரு நிமிடமும் அவள் உயிரோடு இருந்தாள். என்மேல்.